இருநூத்திப் பதினேழாவது கேள்வி

1

செபாஸ்டின் மாமா கைக்கு ஒரு பத்திரிகைத் துண்டு கெடைச்சிருக்கு. அமெரிக்காவுல மின்மூளைன்னு ஒரு மெஷினு வந்திருக்காம். ஒருத்தனுக்குப் பைத்தியமா இல்லையான்னு அதுவே சொல்லிடுதாம். அப்படி ஒரு மெஷினு இருக்கற ஆஸ்பத்திரியிலதான் நம்ம லூர்து வேலை பாக்குதுன்னு மாமாவுக்கு ஞாபகம் வந்துடுச்சி. உடனே கடலூர் ஓல்டு டவுன்லேர்ந்து எனக்கு ஒரு ஏரோகிராம் கடிதாசி. மாமாவோட அச்சாபீசுலதான் வருஷா வருஷம் எங்க கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் மலர் அடிப்பாங்க. பக்கம் ரொப்பறதுக்கு வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரங்களை வுட்டா வேற யாரு இருக்கா?

“லூர்து, மெஷினு பைத்தியத்தைக் கண்டுபிடிக்கறது மெய்யா? ரெண்டு பக்கம் மிகாம எழுது. படிக்கறவங்களுக்குப் பயன் இருக்கணும்.”

மெய்தான் மாமா. எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணுமே இல்லன்னு அதுதான் கண்டுபிடிச்சி சொல்லிச்சி. இந்த மாசத்தோட ஒரு வருஷம் ஆவுது. ரெண்டு பக்கத்துல அடங்காது, பொறுத்துக்குங்க.

நம்ம ஊர்ல இதுக்கு மெஷினெல்லாம் வேணாம். எங்க தெருக் குழாயில தண்ணி வர்றதுக்குள்ள நாலு பேரு சேந்து தீர்ப்பு சொல்லிடுவாங்க. எதிர்வூட்டு பெலிக்ஸ் அண்ணன் பரீட்சையில தோத்துட்டு ஒரு மாசம் யாரோடவும் பேசாம இருந்தாரு. முதல் குடம் நெறையறதுக்குள்ள “அவனுக்கு மறை கழண்டுடுச்சி”ன்னு சொல்லிட்டாங்க. மருந்தும் அங்கயேதான். திருவந்திபுரம் பெருமாளுக்கு மொட்டை போடச் சொன்னாங்க ஒருத்தவங்க. ஓதி ஊதின தண்ணி தர்றேன்னாங்க கதீஜா பீவி. மாதாவுக்கு ஆள் உசர மெழுகுவத்தி நேந்துக்கச் சொன்னது எங்கம்மா. எதுக்கு வம்புன்னு பெலிக்ஸ் அம்மா மூணையும் செஞ்சாங்க. கிறிஸ்தவ வூட்டுப் புள்ளை மொட்டைத் தலையில சந்தனம் பூசிக்கிட்டு ஞாயித்துக்கெழமை பூசைக்கு வந்து நின்னுச்சி. சாமியாரு நல்ல மனுஷன், பாக்காத மாதிரி இருந்துட்டாரு.

உனக்கு என்னா ஆச்சின்னு அந்த அண்ணனை மட்டும் ஒருத்தரும் கேக்கல. அப்பால எங்கியோ போயிட்டாரு. எங்கன்னு எனக்குத் தெரியாது.

2

நான் சிதம்பரத்துல பி.எஸ்ஸி. கணக்கு படிச்சவ. இங்க வந்து எறங்கினதும் உங்க டிகிரி எங்க டிகிரி மாதிரி இல்லன்னு மரியாதையாச் சொன்னாங்க. மரியாதைக்கு இங்க கொறைச்சலே இல்ல. கடைசியில டைப்ரைட்டிங் தெரியுமான்னு கேட்டாங்க. கடலூர்ல கான்வென்ட் சிஸ்டரம்மா விரல் மேல ஸ்கேலால தட்டித் தட்டிக் கத்துக் குடுத்தது சோறு போட்டுச்சி. அட்டையில ஓட்டை போடற வேலை. எங்க ரூம்ல ஆறு பொம்பளைங்க, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தட்டிக்கிட்டே இருப்போம்.

மெஷினு பண்றது இதுதான். மனசு சரியில்லன்னு வர்றவங்க கையில ஒரு புஸ்தகம் குடுப்பாங்க. அதுல நானூறு வாக்கியம் இருக்கும். “காலையில எனக்கு நல்லாப் பசிக்கும்.” “என்னைப் பத்தி எனக்குப் பின்னால பேசறாங்க.” இப்படியே போவும். ஒவ்வொண்ணுக்கும் ஆமா, இல்லன்னு தாள்ல பென்சிலால கறுப்படிக்கணும். அந்தத் தாளைப் பாத்து நாங்க அட்டையில ஓட்டை போடுவோம். அட்டையை மெஷினுக்குள்ள வுட்டா, ஆளு எப்படிப்பட்டவன்னு ஒரு பக்கம் அச்சடிச்சி வெளிய தள்ளும். “இவர் அதிகம் கவலைப்படும் இயல்புடையவர்”, “இவர் பிறரை நம்பத் தயங்குபவர்” அப்படின்னு, மேடைப் பேச்சு மாதிரி. ஆளை அது பாத்ததே கெடையாது. பெரிய டாக்டர் அந்தக் காகிதத்தை சுவிசேஷம் வாசிக்கற மாதிரி ரெண்டு கையில ஏந்தி வாசிப்பாரு.

கணக்கு படிச்ச மூளை சும்மா இருக்குமா? எந்த ஓட்டைக்கு எந்த வாக்கியம் வருதுன்னு ரெண்டு வருஷமா கவனிச்சிக்கிட்டே இருந்தேன். யாரும் கேக்கல, கூலியும் தரல. சும்மா ஒரு பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்குதான் என் குடும்பத்தைக் கவுக்கப் பாத்துச்சி.

3

எங்க வூட்டுக்காரரு பேரு ஆரோக்கியசாமி. பேர்லயே ஆரோக்கியம் இருக்கு, இதுக்கு மேல என்னா சர்டிபிகேட் வேணும்?

ஊர்ல அவரு சர்க்கார் இன்ஜினீயரு. கொள்ளிடத்துக் கரையில ஜீப்புல போவாரு. வெள்ளக் காலத்துல ஜனங்க அவரைச் சுத்தி நின்னுக்கிட்டு “தண்ணி ஏறுமா சார், எறங்குமா?”ன்னு கேப்பாங்க. தண்ணி நெறத்தைப் பாத்தே சொல்லுவாரு. சொன்னா சொன்னதுதான். இங்க மேல்படிப்பு படிச்சி முடிச்சதும் ஒரு கம்பெனியில வேலை போட்டுக் குடுத்தாங்க. கடைங்களுக்குக் கக்கூஸ் குழாய் எங்க வளையணும்னு படம் வரையற வேலை. கொள்ளிடத்தை அளந்தவரு நாலு அங்குலக் குழாயை அளந்தாரு. ரெண்டும் தண்ணிதானேன்னு நான் வெளையாட்டா சொல்லுவேன். மொதல்ல சிரிச்சிக்கிட்டு இருந்தாரு. அப்பால சிரிக்கறதை வுட்டுட்டாரு.

அந்தக் குளுரு காலத்துல ஆபீஸ் வுட்டு வந்தா கார்லேர்ந்து எறங்க மாட்டாரு. வாசல்ல வண்டியை நிறுத்திட்டு அப்படியே உக்காந்திருப்பாரு. அரை மணி நேரம், சில நாளு அதுக்கும் மேல. எங்க பொண்ணு ஸ்டெல்லாவுக்கு எட்டு வயசு. நாம தமிழ்ல கேட்டா அது இங்கிலீஷுல பதில் சொல்லும். ஜன்னல்ல நின்னு பாத்துட்டு ஒரு நாளு, “அப்பாவுக்கு வீட்டுக்கு வரப் புடிக்கலையா?”ன்னு இங்கிலீஷுல கேட்டுச்சி. ரேடியோவுல பாட்டு கேக்கறாருன்னு சொன்னேன். எங்க கார்ல ரேடியோ கெடையாது. அது ஸ்டெல்லாவுக்கும் தெரியும்.

சோறு பாதி தட்டுலயே இருக்கும். ஊருக்கு லெட்டர் எழுதறதை நிறுத்திட்டாரு. கம்பெனியில ஒரு குழாயை எங்கியும் சேக்காம அந்தரத்துல நிக்கற மாதிரி வரைஞ்சிட்டாரு. அவுங்க கோவிச்சிக்கல. அதான் சொன்னேனே, மரியாதை ஜாஸ்தி. மனசைப் பரிசோதனை பண்ணிக்கிட்டு வாங்கன்னு ஒரு கடிதாசி குடுத்து அனுப்பிட்டாங்க. எங்க ஆஸ்பத்திரிக்குத்தான்.

நாங்க வெளிநாட்டு ஆளுங்க. வருஷா வருஷம் ஜனவரியில போஸ்ட் ஆபீசுக்குப் போயி, நாங்க இன்னும் இங்கதான் இருக்கோம்னு சர்க்காருக்கு அட்டை எழுதிப் போடற ஜாதி. காகிதத்துல பைத்தியம்னு ஏறிட்டா விசாவைப் புடுங்கித் திருப்பி அனுப்பிடுவாங்கன்னு எங்க ஆளுங்க நடுவுல ஒரு பேச்சு. நெசமா பொய்யான்னு ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா எல்லாரும் பயந்தோம். அதோட சிதம்பரத்துல அவரு தங்கச்சி அமலிக்கு வரன் பாத்துக்கிட்டு இருந்தாங்க. குடும்பத்துல ஒருத்தனுக்கு மறை கழண்டா மொத்தக் குடும்பத்துக்கும் கழண்டதாத்தானே நம்ம ஊரு கணக்கு.

அவருக்கு என்னான்னு நான் யோசிக்கல. பாஸ் பண்ண வெக்கணும்னு யோசிச்சேன்.

4

இந்தப் புத்தி எனக்கு எங்கேர்ந்து வந்துச்சின்னு சொல்லிடறேன்.

எட்டு வயசுல மொதல் பாவசங்கீர்த்தனம். சாமியார் கிட்டப் போயி பாவத்தைச் சொல்லணும், ஒவ்வொருத்தரும் பண்ண பாவத்தை யோசிச்சி வெச்சிக்குங்கன்னாங்க சிஸ்டரம்மா. நானும் யோசிச்சேன், ஒண்ணும் வரல. முன்னால நின்ன ரோஸ்மேரியை நோண்டி, நீ என்னாடி சொல்லப் போறன்னு கேட்டேன். “பொய் சொன்னேன் மூணு தடவை, கீழ்ப்படியல ரெண்டு தடவை, தம்பியை அடிச்சேன் ஒரு தடவை”ன்னா. எனக்குத் தம்பியே கெடையாது. மனப்பாடம் பண்ணி அப்படியே ஒப்பிச்சேன். சாமியாரு மூணு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிட்டாரு. வெளிய வந்து விசாரிச்சா, வரிசையில நின்ன பதினாறு பொண்ணுங்களும் தம்பியை அடிச்சிருக்கோம்.

சிதம்பரத்துலயும் அதேதான். எது வரும், எது வராதுன்னு குறி போட்ட நோட்டு ஒண்ணு ஹாஸ்டல்ல கை மாறிக் கை மாறி வரும். நடராஜரைக் கும்புடறவங்களும் மாதாவைக் கும்புடறவங்களும் சேந்து கும்புட்ட நோட்டு அது. பரீட்சைன்னு ஒண்ணு வந்துட்டா தயார் பண்ணாம போறது எங்க ரத்தத்துலயே இல்ல.

ஆஸ்பத்திரியிலேர்ந்து கேள்விப் புஸ்தகம் ஒண்ணைப் பைக்குள்ள வெச்சி வூட்டுக்குக் கொண்டாந்தேன். திருட்டுதான், ஒத்துக்கறேன். நாலு நாளு சாப்பாட்டு மேசையில அவரை உக்கார வெச்சிப் பாடம் நடத்தினேன்.

“அறுபத்தொண்ணு, ‘நான் பொய்யே சொன்னதில்லை.’ இதுக்கு இல்லன்னு போடுங்க.”

“நான் அவ்வளவா பொய் சொல்றதில்லையே, லூர்து.”

“அதான் கூடாது. பொய் சொல்லுவேன்னு ஒத்துக்கிட்டாத்தான் நீங்க நெசம் பேசறவருன்னு மெஷினு நம்பும். நடுவுல நடுவுல கொஞ்சம் கெட்டவராவும் இருக்கணும். எல்லாத்துலயும் நல்லவரா இருந்தா புடிச்சிக்கும்.”

“அப்ப நான் எதுலதான் நெசம் சொல்றது?”

“பேர்லயும் வயசுலயும்.”

லேசாச் சிரிச்சாரு. ரொம்ப நாளைக்கு அப்பால சிரிச்சாரேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். பாடம் நடத்தற சொகத்துல இருநூத்திப் பதினேழுக்கு வந்துட்டோம். இருக்கறதுலயே மோசமானது அது. அதுக்கு ஆமான்னு போட்டா மெஷினு பக்கத்துல நட்சத்திரக் குறி போட்டுத் தள்ளும், அன்னிக்கே வார்டுல சேத்துடுவாங்க.

“இருநூத்திப் பதினேழு, இல்ல.”

“அது என்னா கேள்வி?”

“எதுவா இருந்தா என்னா? மத்தது எது தப்பினாலும் இது தப்பக் கூடாது. நம்பரை மட்டும் ஞாபகம் வெச்சிக்குங்க.”

அவரு புஸ்தகத்தைத் தன் பக்கம் இழுத்து அந்த வாக்கியத்தைப் படிச்சாரு. “செத்துப் போய்விடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.” படிச்சிட்டு என்னைப் பாத்தாரு. நேரம் ஆவுதுன்னு நான் பக்கத்தைத் திருப்பிட்டேன்.

5

அவரு பரீட்சை எழுதின தாளு என் மேசைக்கே வந்துச்சி. மெஷின்ல பேருக்கு எட்டு எழுத்துதான் எடம். இங்கிலீஷுல ஆரோக்கியசாமின்னு தட்டினா, பாதி சாமி அட்டைக்கு வெளிய நின்னுடுவாரு. சரின்னு மேல தட்டிக்கிட்டே போனேன். சொல்லிக் குடுத்தது சொல்லிக் குடுத்தபடியே இருந்துச்சி. அறுபத்தொண்ணு இல்ல. நூத்தி நாலு ஆமா. என் மாணவன்னு பெருமையாக் கூட இருந்துச்சி.

இருநூத்திப் பதினேழு. இல்லன்னுதான் கறுப்படிச்சிருந்தாரு. ஆனா பக்கத்துல ஆமாங்கற கட்டத்துல ரப்பர் போட்டு அழிச்ச தடம் இருந்துச்சி. பென்சிலை நல்லா அழுத்தி அடிச்சிட்டு அப்பால அழிச்சிருக்காரு. காகிதமே அங்க தேஞ்சி மெல்லிசா இருந்துச்சி. மத்த முந்நூத்தித் தொண்ணூத்தொம்பதுல ஒண்ணுத்துல கூட அழிச்ச தடம் இல்ல.

நான் அதைப் பாத்தேன் மாமா. பாக்கலன்னு சொல்ல மாட்டேன். அட்டையில ஓட்டை இருக்கும், இல்லன்னா இருக்காது. அழிச்ச தடத்துக்கு அதுல எடம் கெடையாது. எனக்குக் கண்ணு இருந்துச்சி, இருந்தும் இல்லங்கற ஓட்டையைத்தான் தட்டினேன். கை தவறிப் போட்டிருப்பாருன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன்.

சாயங்காலம் ரிசல்ட் வந்துச்சி. “இவர் மனச் சமநிலை உடையவர். சூழ்நிலையோடு நன்கு பொருந்தி வாழ்பவர். சிகிச்சை தேவையில்லை.” இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமான காகிதத்தைத் தான் பாத்ததே இல்லன்னு பெரிய டாக்டர் அவரு கையைப் புடிச்சிக் குலுக்கினாரு. என் கணக்குல அவரு சென்டம். வூட்டுக்கு வந்து முந்திரியெல்லாம் போட்டுக் கேசரி கிளறினேன்.

அவரு கேசரியைத் தொடல. அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் படிச்சாரு.

“நான் நல்லாத்தான் இருக்கேனா, லூர்து?”

“மெஷினே சொல்லிடுச்சே.”

“அப்ப நல்லா இருக்கறதுன்னா இப்படித்தான் இருக்கும் போலருக்கு.” காகிதத்தை மடிச்சி சட்டைப் பையில வெச்சிக்கிட்டாரு. “நோவுன்னா மருந்து இருக்கும்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்.”

சொல்லிக் குடுத்து எழுதின பரீட்சைன்னு அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த அச்சடிச்ச எழுத்தை அவரு நம்பிட்டாரு. பாஸ் பண்ண வெக்கறேன்னு போயி, அவருக்கு இருந்த ஒரே வழியையும் நான் அடைச்சிட்டு வந்திருந்தேன்.

6

மறுநாளு சனிக்கெழமை. பெரிய டாக்டர் கிட்டப் போயி எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். இருவத்தஞ்சு வருஷம் கழிச்சி நான் பண்ண மொதல் உண்மையான பாவசங்கீர்த்தனம் அது. புஸ்தகத்தைத் திருடினேன், பதிலெல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுன்னேன்.

“அப்படி இருக்க முடியாது, மிஸஸ் ஆரோக்கியசாமி. பொய்யாப் பதில் சொல்றவங்களை மெஷினு காட்டிக் குடுத்துடும். உங்க கணவரைக் காட்டலையே.”

“எப்படிச் சொன்னா காட்டாதோ அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன், டாக்டர்.”

என்னைப் பரிதாபமாப் பாத்தாரு. “நீங்க ரொம்பக் களைச்சிப் போயிருக்கீங்க. நீங்களும் ஒரு தடவை எழுதிப் பாருங்களேன்”னு புஸ்தகத்தை எடுத்து நீட்டினாரு. அறிவுன்னா இது அறிவு. குழாயடியில கூட ரெண்டு வார்த்தை எதிர்த்துப் பேசலாம். இங்க அச்சாகி வந்துட்டா அப்பீலே இல்ல.

வூட்டுக்கு வந்தேன். ஸ்டெல்லா சினேகிதி வூட்டுக்குப் போயிருந்துச்சி. மத்தியான வெயில்ல வாசல் காருக்குள்ள அவரு உக்காந்திருந்தாரு. நான் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து அவரு பக்கத்துல உக்காந்தேன். கையில டாக்டர் குடுத்த புஸ்தகம்.

“திரும்பவும் பரீட்சையா?”ன்னாரு.

“ஆமா. இந்தத் தடவை நான் சொல்லித் தரல. தமிழ்ல கேக்கறேன், உங்களுக்குத் தோணறதைச் சொல்லுங்க.”

நல்லாப் பசிக்குதான்னு கேட்டேன். மூணு மாசமா நாக்குல ருசியே இல்லன்னாரு. வேலையில மனசு ஒட்டுதான்னு கேட்டேன். கொள்ளிடத்துக் கரையில நின்னு கேட்ட ஜனங்க இப்பவும் கேக்கறாங்க, பதில் தெரியலன்னாரு. ஒவ்வொண்ணுக்கும் ஆமா இல்லன்னு நிக்காம நாலு வார்த்தை வந்துச்சி. அட்டையில அதுக்கெல்லாம் ஓட்டையே கெடையாது. நடுவுல நெறைய வுட்டுட்டு அந்த நம்பருக்கு வந்தேன். இங்கிலீஷுல நூறு தடவை தட்டின வாக்கியம். தமிழ்ல வாயில வர மாட்டேங்குது.

“செத்துப் போயிடலாம்னு தோணுதா உங்களுக்கு?”

ஸ்டீரிங் மேலேர்ந்து கையை எடுத்து மடியில வெச்சிக்கிட்டாரு.

“ஆமா.”

“எப்பலேர்ந்து?”

“பனி வுழ ஆரம்பிச்சதுலேர்ந்து.”

“என் கிட்ட ஏங்க சொல்லல?”

“நீ கேக்கல, லூர்து. நம்பரைச் சொல்லி இல்லன்னு போடச் சொன்ன.”

நான் அழுதுட்டேன். அவரும் அழுதாரு. கல்யாணமாகிப் பத்து வருஷத்துல அவரு அழுது நான் பாத்ததில்ல. சாவியைப் புடுங்கி என் பையில போட்டுக்கிட்டேன். எனக்கு லைசென்ஸ் இல்ல, அவரை ஓட்டச் சொல்லப் பயம். டாக்சி கூப்புட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரிய டாக்டர் கிட்ட, எனக்குச் சொன்னதை அவரு தன் வாயாலயே சொன்னாரு. விடைத்தாளை எடுத்துட்டு வரச் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழட்டிட்டுத் தாளை ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சி, அந்தத் தேஞ்ச எடத்தை ரொம்ப நேரம் பாத்தாரு. அன்னிக்கே அவரைச் சேத்துக்கிட்டாங்க.

7

ஏழு வாரம் ஆஸ்பத்திரியில இருந்தாரு. மாத்திரை குடுத்தாங்க, வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரு டாக்டர் எதிர்ல உக்காந்து பேசவும் வெச்சாங்க. என்னை ஓட்டை போடற ரூம்லேர்ந்து தபால் பிரிக்கற ரூமுக்கு மாத்திட்டாங்க. வேலையை வுட்டுத் தூக்காததே பெரிசு. ஜனவரியில வழக்கம் போல சர்க்காருக்கு அட்டை எழுதப் போனேன். அதுல விலாசத்தைத்தான் கேட்டிருந்தாங்க. உங்க வூட்டுல யாருக்காவது மறை கழண்டிருக்கான்னு எந்தக் கட்டமும் இல்ல. இதுக்குத்தான் அவ்வளவு பயந்தேன்.

மெஷினைத் திட்டி நாலு வரி மாமா எதிர்பாப்பாரு. திட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. குடுத்த ஓட்டையை அது ஒழுங்காத்தான் படிச்சிச்சி. இன்னும் பெரிசா வருமாம், ஆளு பேசறதை வெச்சே கண்டுபிடிக்குமாம், ஆஸ்பத்திரியில பேசிக்கறாங்க. வரட்டும். கடலூருக்கும் ஒண்ணு வந்தா சிதம்பரத்து ஹாஸ்டல்ல அதுக்கும் ஒரு நோட்டு தயாராயிடும்.

இதை எழுதி முடிச்சி அவரு கிட்டப் படிக்கக் குடுத்தேன். அமலி கல்யாணம் முடிஞ்சிடுச்சி, அதனாலதான் இவ்வளவும் எழுதறேன், வீரம்னு யாரும் நெனச்சிக்காதீங்க. பேரை மாத்திடட்டுமான்னு கேட்டேன்.

“எதுக்கு? முதல் குடம் நெறையறதுக்குள்ள கண்டுபிடிச்சிடுவாங்க”ன்னாரு.

இன்னும் கக்கூஸ் குழாய்தான் வரையறாரு. சில நாளு நல்லா இருக்காரு, சில நாளு இல்ல. கார்ல உக்காந்திருக்கறதும் முழுசா நிக்கல. ஒரு வழக்கம் மட்டும் வெச்சிக்கிட்டோம். சனிக்கெழமை மத்தியானம் நானும் போயி பக்கத்துல உக்காந்துக்குவேன். நானூறும் கேக்கறதில்ல. அந்த ஒண்ணை மட்டும் தமிழ்ல கேப்பேன். மொதல் ரெண்டு மாசம் ஆமான்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. அப்பால கொஞ்ச நாளு, தெரியலன்னாரு.

போன சனிக்கெழமையும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சிப் பாத்துட்டு, இல்லன்னாரு.

நான் சொல்லிக் குடுக்கல.